பாயிண்ட் வைத்த பழைய வண்டிகளின் ஸ்டார்ட்டிங் பிரச்சினை: கேட்டதும் சொன்னதும்

வேலூர் சுற்றுவட்டாரத்தில் பாயிண்ட் வைத்த, அதாவது பொறிக்காகக் கரண்டை மூடித் திறக்கும் சின்ன சுவிட்ச் உள்ள, பழைய பெட்ரோல் வண்டிகளை இன்னும் ஆசையாக ஓட்டுகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முன்னாடியே சொல்லிவிடுகிறேன்: கரண்ட் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் ஒரு சாமானும் வாங்காதீர்கள்.

காட்பாடியிலிருந்து: அண்ணே, அப்பாவுடைய அம்பாசடர் காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. மத்தியான வெயிலில் ராணிப்பேட்டை போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது. பெட்ரோல் பம்ப் மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது.

வண்டி நின்ற அந்த நிமிஷமே பார்க்கணும் தம்பி, ஆறின பிறகு பார்த்தால் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஒரு உபரி பிளக்கை டிக்கியில் வைத்திருங்கள். நின்றதும் ஒரு பிளக் ஒயரைப் பிடுங்கி அதில் மாட்டி, கார்புரேட்டர் பக்கம் போகாமல், பிளக்கின் இரும்பு இன்ஜினில் நன்றாகத் தொடும்படி வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 'டிக் டிக்' என்று சத்தத்தோடு நீலமாகப் பொறி வந்தால் இக்னிஷனில் குற்றமில்லை, சூட்டில் பெட்ரோல் ஆவியாகி லைனில் அடைக்கிறதா என்று பாருங்கள். மஞ்சளாக, நூல் மாதிரி வந்தாலோ வரவே இல்லை என்றாலோ சந்தேகம் காயில் (வோல்ட்டை ஏற்றிப் பொறிக்குக் கொடுப்பது) அல்லது கண்டென்சர் (பாயிண்ட் முனை கருகாமல் காப்பது) மேல்தான். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து பாருங்கள். பாயிண்ட் முனை கருகி, ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் முதலில் கண்டென்சர். முனை சுத்தமாக இருந்தால் காயில்: சூடேறினால் உள்ளே இன்சுலேஷன் விட்டுப்போகும், ஆறினால் தாற்காலிகமாகச் சரியாகும். இன்னொன்று, பேலஸ்ட் ரெசிஸ்டரோடு (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைப்பது) ஓட வேண்டிய காயிலை நேராக 12 வோல்ட்டில் யாராவது மாட்டியிருந்தாலும் அது கொதிக்கும், பாயிண்டும் சீக்கிரம் எரியும். காயில் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

குடியாத்தத்திலிருந்து: பழைய பாயிண்ட் புல்லட் சார். ஸ்பார்க்கே இல்லை. காயில், கண்டென்சர், பாயிண்ட் மூன்றையும் மாற்றச் சொல்கிறார்கள்.

மூன்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், உங்கள் ஆம்ப் மீட்டரே (கரண்ட் போவதைக் காட்டும் முள் மீட்டர்) பதில் சொல்லும். பேட்டரி நன்றாக இருக்கணும், லைட் எல்லாம் ஆஃப். சாவியைப் போட்டு, டீகம்ப்ரஷரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) அழுத்திக்கொண்டு கிக்கரை மெதுவாக, காலால் தள்ளுகிற மாதிரி இறக்குங்கள். பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். முள் அசையவே இல்லை என்றால் கரண்ட் பாயிண்டைத் தாண்டவில்லை: முனையில் அழுக்கு, ஒயர் கழன்றது, அல்லது காயிலுக்கே கரண்ட் வரவில்லை. முள் எப்போதும் மைனஸிலேயே கிடந்தால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ பாடியில் தொடுகிறது. கண்டென்சர் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி கிக்கரை இறக்குங்கள், இப்போது முள் ஆடினால் கண்டென்சர் ஷார்ட். முள் ஒழுங்காக ஆடியும் பொறி இல்லை என்றால்தான் கண்டென்சர், காயில், பிளக் ஒயர் பக்கம் போகணும். பார்த்து முடித்ததும் சாவியை எடுத்துவிடுங்கள், பாயிண்ட் மூடிய நிலையில் விட்டால் காயில் சூடாகும்.

பாயிண்ட் முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அதன் மணல் முனையிலேயே தங்கும். அப்புறம் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, சுத்தமான அட்டை ஒன்றை இடையில் இழுத்து எடுங்கள். புது பாயிண்டையும் இப்படித் துடைத்துத்தான் மாட்டணும். இடைவெளி, முழுசாகத் திறந்த நிலையில், 0.35 முதல் 0.40 மி.மீ.

ஆற்காட்டிலிருந்து: சேட்டக் ஸ்கூட்டர், மழையில் நனைந்தால் மட்டும் மிஸ்ஸிங்.

பிளக் கேப், ஒயர். இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, கை வைக்காமல் பாருங்கள், கரண்ட் கசிகிற இடம் மினுக்கும். இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

திருப்பத்தூரிலிருந்து: அண்ணா, எங்கள் பத்மினி கார் ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவும் முன்பு சிரமமில்லாமல் ஏறும். இப்போது பாதியிலேயே இழுவை இல்லை, இன்ஜினும் சூடாகிறது. பாயிண்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் கிட் மாட்டலாமா?

அவசரப்படாதீங்கம்மா. பாயிண்டைத் திறக்கும் கேம் மேல் உரசுகிற ஃபைபர் குதி தேயத் தேய இடைவெளி குறையும், அதனால் டைமிங் (பொறி விழும் நேரம்) பின்தங்கும், நீங்கள் சொல்கிற இரண்டும் அதனாலேயே வரலாம். முதலில் இடைவெளி, அதன் பிறகு டைமிங். மாற்றிச் செய்தால் இரண்டாம் முறை செய்ய வேண்டிவரும். கேம் மேல் கொஞ்சமாக கிரீஸ் தடவினால் குதி நாள்பட உழைக்கும். அப்படியே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டரைக் கையால், அது சுற்றும் திசையில் லேசாகத் திருப்பி விட்டுப் பாருங்கள், ஸ்பிரிங்கில் தானாகத் திரும்பி வரணும். வராவிட்டால் அடியில் அட்வான்ஸ் வெயிட் (வேகம் கூடும்போது பொறியை முன்கூட்டியே விழவைக்கும் எடை) துருப்பிடித்து இறுகியிருக்கிறது, கிட் போட்டாலும் அது சரியாகாது. இதெல்லாம் நன்றாக இருந்தால் தாராளமாகக் கிட் மாட்டுங்கள், கழற்றிய பாயிண்டையும் கண்டென்சரையும் மட்டும் வண்டியிலேயே போட்டு வையுங்கள்.