அவனுக்கு ஓவியம் வந்தது, எனக்கு என்ன வரும்?

அன்புள்ள ஐயா,

என் மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். அவளுடைய அண்ணன் எதிலும் முதலாவதாக வருகிறவன். இவள் எல்லாவற்றிலும் நடுத்தரம். சில மாதங்களாக "எனக்கு ஒண்ணும் வராதும்மா" என்று அடிக்கடி சொல்கிறாள், உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு வர மறுக்கிறாள். தன்னம்பிக்கை தரும் படங்களைக் குடும்பத்தோடு பார்க்கலாமே என்று தோழி ஒருவர் சொன்னதால் 'தாரே ஜமீன் பர்' பார்த்தோம். எல்லோரும் அழுதோம். படம் முடிந்ததும் அவள் கேட்டாள்: "அவனுக்குப் படம் வரைய வந்துச்சு. எனக்கு என்னம்மா வரும்?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இத்தகைய படங்கள் உண்மையில் உதவுமா? எவற்றைக் காட்டலாம்?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகளின் கேள்வி அந்தப் படத்தைப் பற்றி நான் படித்த பல விமர்சனங்களைவிடக் கூர்மையானது. 2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' எழுத்துகளைப் பிரித்தறிய முடியாமல் தவிக்கும் இஷான் என்ற சிறுவனைச் சோம்பேறி என்று வீடும் பள்ளியும் முடிவுகட்டுவதை மிகுந்த நேர்மையோடு காட்டிய படம். டிஸ்லெக்சியா (எழுத்துகளை வாசிப்பதிலும் எழுதுவதிலும் ஏற்படும் கற்றல் குறைபாடு) என்ற சொல்லை நம் நாட்டில் எத்தனையோ பெற்றோர் அந்தப் படத்தின் வழியாகத்தான் முதன்முதலில் கேட்டார்கள். ஆனால் அதன் முடிவில் பள்ளி முழுவதும் கலந்துகொள்ளும் ஓவியப் போட்டியில் இஷான் முதல் பரிசு பெறுகிறான், அவன் ஓவியம் பள்ளி ஆண்டு மலரின் அட்டையில் இடம்பெறுகிறது. வகுப்பில் நிகும்ப் ஆசிரியர் அவனுக்குத் தைரியம் சொல்ல எடுத்துக்காட்டுகிறவர்களும் ஐன்ஸ்டைன், டாவின்சி, எடிசன் போன்ற மேதைகளே. தன்னிடம் ஒளிந்திருக்கும் மேதைமை எதுவும் இல்லை என்று நம்பும் ஒரு குழந்தை இதைப் பார்க்கும்போது, மதிக்கப்படுவதற்கு முன்னால் ஏதோ ஒன்றில் ஜெயித்துக் காட்ட வேண்டும் என்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் மகள் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அதில் அவளுடைய பிழை எதுவும் இல்லை.

அதே படத்தில் அந்தப் பரிசுக்கு வெகுமுன்பே, யாரும் கைதட்டாத காட்சிகளில், இஷான் தேறத் தொடங்கிவிடுகிறான். ஆசிரியர் அவனை மணலில் எழுத்துகளை எழுத வைக்கிறார், படிக்கட்டுகளில் ஏறி இறங்கச் செய்து கணக்குச் சொல்லித்தருகிறார். அவனுக்கு வராததை வராதது என்றே ஒப்புக்கொண்டு, பொறுமையாகப் பக்கத்தில் நிற்கிறார். இஷானுக்கும் எல்லாவற்றிலும் முதலாவதாக வரும் ஓர் அண்ணன் இருக்கிறான் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். தம்பி மீது உண்மையான பாசம் உள்ளவன் அவன். காயம் அவனால் ஏற்படுவதில்லை. இரண்டு பிள்ளைகளையும் ஒரே அளவுகோலால் அளக்கும் தந்தையின் பேச்சிலிருந்து வருகிறது.

நான் உங்களுக்கு முதலில் பரிந்துரைப்பது கௌரி ஷிண்டே இயக்கி 2012இல் வந்த 'இங்கிலீஷ் விங்கிலீஷ்'. ஸ்ரீதேவி நடித்த சசி, வீட்டிலேயே லட்டு செய்து விற்கிறாள். அவளுக்கு ஆங்கிலம் சரியாக வராது. ஜாஸ் என்ற சொல்லை அவள் உச்சரிக்கும் விதத்தைக் கேட்டு மகளும் கணவரும் சிரிக்கிறார்கள். அந்த வீட்டில் யாரும் கொடியவர் இல்லை, யாரும் அவளை வெறுக்கவில்லை, அவர்கள் செய்வதெல்லாம் வேடிக்கைப் பேச்சுதான். ஆனால் அந்தப் பேச்சு தினமும் உண்டு. தாழ்வு மனப்பான்மை ஒரு குடும்பத்துக்குள் உருவாகும் விதத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய இந்தியப் படம் வேறொன்று என் நினைவில் இல்லை.

உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக நியூயார்க் சென்று, அங்கே ஓர் ஆங்கில வகுப்பில் சேரும் சசி, தான் செய்யும் வேலையைத் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். ஆசிரியர் அதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் நீங்கள் ஒரு தொழில்முனைவோர் என்கிறார். அவள் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே தெருவில் நடந்துபோகிறாள். அவளிடம் புதிதாக எந்தத் திறமையும் முளைத்துவிடவில்லை, லட்டும் பழைய லட்டுதான். அதை ஒருவர் மரியாதையோடு பார்த்தார் என்பது மட்டுமே புதிது. பிறகு திருமண வீட்டில், தன் மனைவி லட்டு செய்யவே பிறந்தவள் என்று கணவர் எல்லோர் முன்னிலையிலும் பெருமையாகவே சொல்லும்போது சசியின் முகத்தைப் பாருங்கள். அதே லட்டுதான், ஆனால் இம்முறை அது அவளைச் சிறியவளாக்குகிறது. ஆங்கில வகுப்பின் தேர்வு நாளன்று, திருமணத்துக்காகச் செய்த லட்டுகள் தரையில் சிந்திவிட, மற்றவர்கள் தடுத்தும் கேளாமல் அவற்றைத் தன் கையாலேயே மறுபடி செய்வதற்காக அவள் தேர்வைக் கைவிடுகிறாள். திருமணத்தில் அவள் ஆங்கிலத்தில் பேசியதைக் கேட்ட ஆசிரியர் பின்னர் அவளுக்குத் தேர்ச்சி அளிக்கிறார் என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்பே அவளுக்கு அது தேவைப்படாமல் போய்விட்டது.

இன்னொரு படம் 2006இல் வந்த அமெரிக்கப் படமான 'லிட்டில் மிஸ் சன்ஷைன்'. தற்கொலை முயற்சி, போதைப்பொருள் போன்றவை அதில் வருவதால் அதைப் பெரியவர்கள் மட்டும் பாருங்கள். மனிதர்களை ஜெயிப்பவர், தோற்பவர் என்று இரண்டாகப் பிரிக்கும் ஒரு தந்தை, அழகுப் போட்டிக்குப் போகும் தன் சிறுமகள் ஆலிவ் உணவகத்தில் ஐஸ்கிரீம் கேட்கும்போது, அழகிகள் ஒல்லியாக இருப்பார்கள் என்று சுற்றி வளைத்து அவளுக்கு உணர்த்துகிறார். அந்த வாக்கியத்தை அவர் எவ்வளவு அன்பாகச் சொல்கிறார் என்பதுதான் என்னைக் கலங்க வைத்தது. போட்டியில் ஆலிவ் ஜெயிப்பதில்லை. அவளுடைய ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும்போது, அந்தத் தந்தையே மேடையேறி அவளோடு ஆடுகிறார், பின்னாலேயே மொத்தக் குடும்பமும் ஏறுகிறது.

ஆகவே, எனக்கு என்ன வரும் என்று அவள் மறுபடி கேட்டால் பதிலுக்கு ஒரு திறமையைத் தேடி அவளைக் கீபோர்டு வகுப்பிலோ செஸ் வகுப்பிலோ சேர்த்துவிடாதீர்கள். அது அவளுடைய பயத்தைச் சரி என்று சொல்வதாகிவிடும். எதுவும் வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை என்று நேராகச் சொல்லுங்கள், அண்ணனின் மதிப்பெண் பற்றிய பேச்சை உறவினர்கள் எடுக்கும்போது நீங்களே பேச்சை மாற்றுங்கள். 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' பார்க்கும்போது உங்கள் கணவரும் மகனும் கட்டாயம் உடன் இருக்கட்டும், ஏனென்றால் அது சசியைவிட அவளைச் சுற்றி இருப்பவர்கள் பார்க்க வேண்டிய படம். முடிந்த பின் என்ன புரிந்தது என்று அவளிடம் யாரும் கேட்க வேண்டாம். அவளாகப் பேசினால் கேளுங்கள்.