லாக்டேட் கருவி (கடுமையாக உழைக்கும்போது ரத்தத்தில் ஏறும் லாக்டேட்டை அளப்பது) இல்லாமல், ஸ்டாப்வாட்சை மட்டும் வைத்து நீச்சல் பயிற்சிக்கான வேகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

வழி: கிரிட்டிக்கல் ஸ்விம் ஸ்பீடு, சுருக்கமாக சிஎஸ்எஸ். அதாவது, சீக்கிரம் களைத்துப்போகாமல் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வேகம். காது மடலில் குத்தி ரத்தம் எடுக்கவே வேண்டாம். ஒரு 400 மீட்டர், ஒரு 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல், இரண்டும் முழு மூச்சில் நீந்தினால் போதும்.

400-க்கு ஆன நேரத்தில் 200-க்கு ஆனதைக் கழித்து இரண்டால் வகுங்கள். 5:20, 2:34 என்றால் வித்தியாசம் 166 விநாடி, பாதி 83. ஆக 100 மீட்டருக்கு 1:23.

கணக்கு சுலபம். டெஸ்ட் எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதலில் 400, பிறகு பத்து நிமிடமாவது மெதுவாக நீந்தவிட்டு 200. டைவ் கூடாது, சுவரை உதைத்தே கிளம்பட்டும். களைப்பு தீராமல் 200-ஐ 2:38-க்கு இழுத்தால் வித்தியாசம் 162 ஆகி, வேகம் 1:21 என்று வரும். மோசமாக நீந்திய பிள்ளைக்குத்தான் கடுமையான இலக்கு! அதை நம்பி செட் கொடுத்தால் பாதியிலேயே படுத்துவிடும். 400-ல் முதல் 100-ஐ வெறிகொண்டு அடித்துவிட்டுக் கடைசியில் தவழ்ந்தால் இதற்கு நேரெதிர்: எண் மெதுவாக வரும். அதனால் ஒவ்வொரு 100-க்கும் ஸ்பிளிட், அதாவது அந்த 100-க்கு மட்டும் ஆன நேரத்தை, குறியுங்கள்.

செட்: 10×100, ஒவ்வொன்றும் 1:23-ல், நடுவே 15 விநாடி ஓய்வு. சிஎஸ்எஸ் பொதுவாக லாக்டேட் த்ரெஷோல்டுக்கு (ரத்தத்தில் லாக்டேட் சேர்ந்துகொண்டே போகத் தொடங்கும் வேகம்) சற்று மேலேயே நிற்கும். நீளமான செட்டுகளுக்கு ஓரிரு விநாடி கூட்டிக்கொள்ளலாம். 50 மீட்டர் ஸ்பிரிண்டருக்கு இந்த எண்ணால் பெரிய பிரயோசனம் இல்லை.

நேரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். குளத்தின் நடுப்பகுதியில், வலது கை தண்ணீரில் இறங்கும்போது வாட்சை அமுக்கி, அதே கை மூன்றாவது தடவை திரும்ப இறங்கும்போது நிறுத்துங்கள். 180-ஐ அந்த விநாடியால் வகுத்தால் ஸ்ட்ரோக் ரேட். 4.5 விநாடி என்றால் நிமிடத்துக்கு 40 சுற்று (இரண்டு கையும் ஒருமுறை வீசினால் ஒரு சுற்று). ஒன்பதாவது 100-ல் அது 4.1 ஆகி, அதாவது ரேட் 44-க்கு ஏறி, நேரம் மட்டும் 1:23-லேயே நின்றால், ஒரு சுற்றுக்குப் போகும் தூரம் ஏறத்தாழ 1.8 மீட்டரிலிருந்து 1.65-க்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் முழங்கை சரிந்து, கை தண்ணீரைப் பிடிக்காமல் நழுவுகிறது. அங்கேயே செட்டை நிறுத்துங்கள். பத்தை முடித்தே தீரவேண்டும் என்று அடம்பிடித்தால் அந்தத் தப்பான கைதான் பழகிப்போகும்.

ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி டெஸ்ட் வையுங்கள். 25 மீட்டர் குளத்தில் எடுத்த எண்ணை 50 மீட்டர் குளத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்: 400-க்கு 25 மீட்டர் குளத்தில் சுவரில் 15 டர்ன், 50 மீட்டர் குளத்தில் 7தான்.