ஆஸ்திரேலியக் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு பனிச்சறுக்குக்கு வெளிநாடு போக எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: மெல்பனில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு வயது 7, 11. யாருக்கும் சறுக்கத் தெரியாது. டிசம்பர், ஜனவரி பள்ளி விடுமுறையில் ஸ்கீயிங் போக ஆசை. ஜப்பானா, கனடாவா? எப்போது புக் செய்ய வேண்டும்? அந்த நேரத்தில் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவையும் கூட்டிப் போகலாமா?

பதில்:

நாங்களும் மெல்பன்தான். பிள்ளைகள் உங்கள் பிள்ளைகளின் வயதில் இருந்தபோது ஜனவரியில் ஜப்பான் போகத் தொடங்கினோம், இன்னும் அந்த ஆசை விடவில்லை. அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: தேதியை முதலில் முடிவு செய்யுங்கள். நாடு, ஊர், ஹோட்டல் எல்லாம் அப்புறம். பெரும்பாலானவர்கள் ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, விமான டிக்கெட் எந்த நாளில் மலிவு என்று பார்க்கிறார்கள். பள்ளி விடுமுறைக்குள் அடங்க வேண்டிய பனிப் பயணத்துக்கு அந்த வரிசை சரிப்படாது.

விக்டோரியாவில் விடுமுறை ஐந்து வாரத்துக்கு மேல் நீளும். ஆனால் எல்லா வாரமும் ஒன்றல்ல. கிறிஸ்துமஸ் வாரத்தில் விலை உச்சத்தில் இருக்கும், பனியோ அப்போதுதான் சேரத் தொடங்கியிருக்கும். சில வருடம் நன்றாக இருக்கும், சில வருடம் மலையின் கீழ்ப்பகுதியில் புல்லும் மூங்கில் புதரும் தெரியும். டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை ஜப்பானியர்களுக்கே புத்தாண்டு விடுமுறை. ரயிலில் இடம் கிடைக்காது, ஊர்களில் பல கடைகள் மூடியிருக்கும். பனி உண்மையில் கொட்டுவது ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை. நமக்கோ ஜனவரி கடைசி வாரத்தில் பள்ளி திறந்துவிடும். இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது பொங்கலை ஒட்டிய இரண்டு வாரம்தான். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளும் ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமை ஜப்பானில் பொது விடுமுறை என்பதால் அந்தச் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் மலையில் உள்ளூர்க் கூட்டம் சேரும். அந்த நாட்களை டோக்கியோவில் கழித்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை மலைக்குப் போவது நல்லது. சீனப் புத்தாண்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 2027இல் அது பிப்ரவரி 6, நமக்குத் தொந்தரவு இல்லை. 2028இல் ஜனவரி 26, அதாவது விடுமுறையின் கடைசி வாரத்தில் விலை ஏறிவிடும்.

சரி, ஜப்பானா கனடாவா? இந்த வயதுப் பிள்ளைகளோடு முதல் பயணம் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, ஜப்பான்தான். மெல்பனிலிருந்து டோக்கியோவுக்கு நேரடி விமானத்தில் சுமார் பத்து மணி நேரம். நம் கோடையில் நேர வித்தியாசம் இரண்டே மணி நேரம் என்பதால், இறங்கிய மறுநாளே பிள்ளைகள் வழக்கமான நேரத்தில் தூங்கி எழுவார்கள். வான்கூவர் போனால் முதல் இரண்டு மூன்று நாள் தூக்கத்தைச் சரிக்கட்டவே போய்விடும். அமெரிக்கா போகலாமா என்று தோன்றினால், உயரத்தையும் யோசியுங்கள். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் பிரெக்கன்ரிட்ஜ் என்ற ஸ்கீ ஊரே 2,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சிலருக்குத் தலைவலியும் மூச்சிரைப்பும் வரும். ஜப்பானின் ஹகுபா என்ற ஸ்கீ கிராமம் சுமார் 700 மீட்டர்தான்.

எல்லாவற்றுக்கும் மேல், அந்தப் பனி. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து உறைந்த வறண்ட காற்று கிளம்பி ஜப்பான் கடலைக் கடந்து வருகிறது. கடல் நீர் அந்தக் காற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் வழியெல்லாம் ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. கரை ஏறியதும் மலைகள் குறுக்கே நிற்க, மேலே எழும்பிக் குளிர்ந்து அத்தனையையும் பனியாகக் கொட்டுகிறது. புயல் ஒன்று வந்து போகும் கதையல்ல இது. காற்று அந்தத் திசையில் வீசும் வரை நாள்கணக்கில் தொடர்ந்து விழும். ஒரு பருவத்தில் வட ஜப்பானின் நிசெகோ என்ற ஸ்கீ ஊரில் சராசரியாக 14, 15 மீட்டரும் ஹகுபாவில் 11 மீட்டரும் விழுவதாக ரிசார்ட்டுகள் சொல்கின்றன. இவ்வளவு தாழ்ந்த மலைகளில் இவ்வளவு பனி உலகத்தில் வேறெங்கும் பார்ப்பது அரிது. முதல்முறை சறுக்குபவர்களுக்கு இதனால் என்ன லாபம் என்றால், விழுந்தால் வலிக்காது. நம் விக்டோரியாவின் ஸ்கீ மலையான மவுன்ட் புல்லரில் வெயில் பட்டு உருகி இரவில் இறுகிய பனியில் விழுந்த பிள்ளை மறுநாள் வரமாட்டேன் என்று சொல்லும். ஜப்பானில் விழுந்த பிள்ளை சிரித்துக்கொண்டே எழுந்து மறுபடி விழும்.

டொராண்டோவில் சொந்தக்காரர்கள் இருந்தால் மட்டும் கனடாவை யோசியுங்கள். ஆனால் டொராண்டோவிலிருந்து, வான்கூவர் பக்கமுள்ள பெரிய ஸ்கீ ஊரான விஸ்லர் போக நாட்டின் மறுகோடிக்குப் பறக்க வேண்டும். பக்கத்திலேயே, காரில் இரண்டு மணி நேரத்தில் ப்ளூ மவுன்டன் என்ற ஸ்கீ இடம் இருக்கிறது. சின்ன மலைதான், கற்றுக்கொள்ளத் தாராளமாகப் போதும். ஐரோப்பா இந்தப் பயணத்துக்கு வேண்டாம். போய்ச் சேரவே ஒரு முழு நாள் ஆகும்.

ஜப்பானில் எந்த ஊர்? ஆஸ்திரேலியர்கள் எல்லோரும் சொல்வது நிசெகோ. பனி அருமை, எல்லா இடத்திலும் ஆங்கிலம் ஓடும். ஆனால் விலையும் அதற்கேற்ப. நான்கு ரிசார்ட்டுகளுக்கும் பொதுவான ஒருநாள் லிஃப்ட் (சறுக்குபவர்களை மலை மேலே ஏற்றிச் செல்லும் கம்பிவழி நாற்காலி) பாஸ் பெரியவர்களுக்கு 10,000 யென்னைத் தாண்டிவிட்டது. சப்போரோ விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் இரண்டரை, மூன்று மணி நேரம் வேறு. புதிதாகக் கற்பவர்களுக்கு அந்த ஆழமான பனி வேண்டியதே இல்லை, அகலமான, சாய்வு குறைந்த சரிவுதான் வேண்டும். அதனால் உங்களுக்கு நான் ஹகுபாவைச் சொல்வேன். 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் டவுன்ஹில் பந்தயம் நடந்த ஹப்போ-ஒனே அங்கேதான் இருக்கிறது. அதற்கு நீங்கள் முதல் நாளே போக வேண்டாம். பள்ளத்தாக்கின் வடக்கே சுகாய்கே என்ற ரிசார்ட் இருக்கிறது. அதன் கீழ்ச் சரிவு ஒரு பெரிய மைதானத்தைச் சாய்த்து வைத்தது போல அகலமாக இருக்கும். புதியவர்கள் யாரையும் இடிக்காமல் நிதானமாகத் திரும்பிப் பழக அதைவிட நல்ல இடம் நான் பார்க்கவில்லை. டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் நாகானோ, அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பழைய கிராமமும் வெந்நீர் ஊற்றும் பிடிக்கும் என்றால் நொசாவா ஒன்சென் அழகான ஊர், ஆனால் தெருக்கள் செங்குத்தானவை.

புக்கிங்கை நம் குளிர்காலம் வருவதற்குள் முடிக்கப் பாருங்கள். ஜனவரிக்கான நல்ல குடும்ப அறைகள் முந்தைய ஏப்ரல், மே மாதத்திலேயே போய்விடும். அறை கிடைத்த பிறகு விமான டிக்கெட், உடனே ஸ்கீ பள்ளி. இந்த ஸ்கீ பள்ளியைத்தான் பலர் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். ஆங்கிலத்தில் சொல்லித்தரும் குழந்தைகள் வகுப்புகள் ஜனவரியில் மிகக் குறைவு, ஜூன், ஜூலையில் கேட்டால்தான் நிச்சயமாகக் கிடைக்கும். பெற்றோர் தாங்களே சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைப்பதை நான் ஏற்கமாட்டேன், அதுவும் இருவருக்குமே தெரியாத நிலையில். முதல் மூன்று நாள் காலை வகுப்பு எல்லோருக்கும் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறையை ரத்து செய்தால் பணம் எத்தனை நாள் வரை திரும்பும் என்பதையும் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பல இடங்களில் அறுபது நாளுக்குள் ரத்து செய்தால் ஒன்றும் திரும்பாது.

ஆகஸ்டில் ஒரு சனி, ஞாயிறு மவுன்ட் புல்லர் போய்விட்டு வாருங்கள். அங்கே பனி சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. பூட்ஸ் எப்படி இறுக்கும், லிஃப்டில் எப்படி ஏறி இறங்குவது, யாருக்குக் கை சீக்கிரம் விறைக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஜப்பானில் ஒரு முழு நாள் மிச்சம்.

உடைக்கும் இதே காலம்தான். டிசம்பரில் மெல்பன் கடைகளில் நீச்சலுடைதான் கிடைக்கும். மே மாதம் ஆல்டி சூப்பர்மார்க்கெட்டில் வரும் ஸ்கீ விற்பனை, அல்லது செப்டம்பரில் பருவ முடிவுத் தள்ளுபடி, இந்த இரண்டில் ஒன்றில் வாங்கிவிடுங்கள். ஸ்கீ, பூட்ஸ், கம்பு எதையும் வாங்க வேண்டாம், அங்கே வாடகைக்கு நல்லதாகவே கிடைக்கும். உடம்போடு ஒட்டிய மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை, மேலே ஃப்ளீஸ், அதன் மேல் நீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். பருத்தி கூடவே கூடாது, வியர்வையில் நனைந்தால் குளிர் எலும்பில் ஏறும். சாக்ஸ் ஒன்றுதான், அதுவும் மெல்லியது. இரண்டு போட்டால் பூட்ஸில் ரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் குளிரும். சின்னவருக்கு விரல் பிரியாத மிட்டன் கையுறை. காகிள்ஸ் (பனிக் கண்ணாடி) வாங்கும்போது மங்கலான வெளிச்சத்துக்கான லென்ஸ் கேளுங்கள். நாள் முழுதும் பனி விழும் இடத்தில் கறுப்பு லென்ஸ் போட்டால் எதிரே மேடா பள்ளமா என்றே தெரியாது.

உடம்பையும் தயார் செய்யுங்கள். ஃபெர்ன்ட்ரீ கல்லி பக்கத்தில் இருக்கும் ஆயிரம் படிக்கட்டுப் பாதையை நவம்பரிலிருந்து வாரம் ஒருமுறை குடும்பமாக ஏறி இறங்குங்கள். ஸ்கீயிங்கில் வேலை செய்வது தொடைகள், அதுவும் இறங்கும்போது. வெயில் நாளென்றால் விடியற்காலையில் போய்விடுங்கள்.

பெட்டிகளைச் சுமந்து ரயில் ஏற வேண்டாம். விமான நிலையத்திலேயே தக்யூபின் என்ற பெட்டி அனுப்பும் கூரியர் கவுன்டரில் கொடுத்தால் ஒன்றிரண்டு நாளில் விடுதிக்கு வந்துவிடும். முதல் இரவுக்கு வேண்டியதை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். நம் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஜப்பானில் செல்லாது. சாதாரணப் பயண இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஸ்கீயிங் விபத்தை ஏற்காது, ‘ஸ்னோ ஸ்போர்ட்ஸ்’ என்று தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும், கயிறு கட்டிய எல்லையைத் தாண்டிப் போனால் பெரும்பாலும் பணம் தரமாட்டார்கள். அந்தக் கயிறு சும்மா கட்டியதல்ல. மரத்தின் அடியில் பனி இறுகாமல் குழியாக இருக்கும், தலைகீழாக விழுந்தால் பெரியவர்களால்கூடத் தனியாக வெளியே வர முடியாது. வருடாவருடம் உயிர் போகிறது. உங்கள் மூத்த பிள்ளைக்கு 11 வயது, நான்காம் நாள் தைரியம் வந்து மரங்களுக்குள் நுழையப் பார்ப்பார். கிளம்பும் முன்பே உட்கார வைத்துப் பேசிவிடுங்கள்.

சைவம் என்றால் சமையலறை உள்ள அபார்ட்மென்ட் எடுங்கள். காய்கறி மட்டும் தெரிகிற சூப்பிலும் மீன் சாறு இருக்கும். அரிசி, தயிர், காய்கறி எல்லாம் அங்கே கிடைக்கும், சாம்பார் பொடியும் ரசப் பொடியும் மட்டும் எடுத்துப் போனால் போதும்.

இனி அம்மா அப்பா. கூட்டிப் போங்கள், ஆனால் அவர்கள் ஊரில் விமானம் ஏறும் முன்பே இரண்டு காரியம் முடிய வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஜப்பான் விசா தேவை, அதை ஊரிலேயே வாங்கிக்கொண்டு வருவது சுலபம். அவர்களின் ஆஸ்திரேலிய விசிட்டர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்றும் பாருங்கள். ஒருமுறை மட்டும் என்றால் ஜப்பான் போய்த் திரும்ப முடியாது. உங்களிடமே இன்னும் இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட்தான் என்றால், பிஆர் (ஆஸ்திரேலிய நிரந்தரக் குடியிருப்பு) இருந்தாலும் உங்களுக்கும் ஜப்பான் விசா வேண்டும்.

மருந்துச் சீட்டோடு ஒரு மாதத்துக்கான மாத்திரை கொண்டு போகலாம். சளி மாத்திரையில் மட்டும் சூடோஎஃபெட்ரின் இருக்கிறதா என்று பாருங்கள், அது அதிகம் உள்ளவற்றை ஜப்பான் அனுமதிப்பதில்லை. ஹகுபாவில் இவதாகே மலைக்கு கொண்டோலாவில் (கம்பிவழிப் பெட்டி) சறுக்காமல் நடைப் பயணிகளாகவே ஏறி, மேலே உட்கார்ந்து பனிமலைகளைப் பார்க்கலாம். நாகானோவில் செங்கோ-ஜி என்ற மிகப் பழைய புத்தர் கோயில் இருக்கிறது, அப்பாக்களுக்கு மிகவும் பிடிக்கும். ஜிகோகுதானி பனிக் குரங்குகளைப் பார்க்க மட்டும் உறைந்த காட்டுப் பாதையில் அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம். வயதானவர்களுக்கு அங்கே குளிரைவிட வழுக்கல்தான் ஆபத்து. ஷூவுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் முள் பட்டை ஸ்கீ ஊர்களில் கடைகளில் கிடைக்கும். போய் இறங்கியதும் ஆளுக்கு ஒன்று வாங்கி மாட்டிவிட்டு, அதன் பிறகு அவர்களை வெளியே நடக்க விடுங்கள்.