இங்கிலாந்தின் பழைய மரத் தேயிலைப் பெட்டியை ஏலத்தில் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். வெளிப்புறத்தை மெருகேற்றிப் பளபளப்பாக்க ஒரு நாள் போதும். பெட்டி பட்ட பாடெல்லாம் உள்ளேதான் தெரியும்.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தேயிலை விலையுயர்ந்த சரக்கு. நூறு சதவீதத்துக்கும் மேலிருந்த வரியை 1784இல் 12.5 சதவீதமாகக் குறைக்கும்வரை கடத்தல் கொடிகட்டிப் பறந்தது. பெட்டிக்குப் பூட்டு வைத்ததும், சாவியை வீட்டுத் தலைவி தன்னிடமே வைத்துக்கொண்டதும் அதனால்தான். பெரிய பெட்டிகளில் பச்சைத் தேயிலைக்கு ஒன்று, கறுப்புத் தேயிலைக்கு ஒன்று என இரண்டு அறைகள் இருக்கும். நடுவில் ஒரு கண்ணாடிக் கிண்ணம்.

அந்த அறைகளின் உட்புறத்தில் ஈயம் கலந்த மெல்லிய தகடு ஒட்டியிருப்பார்கள். அது சாம்பல் பூத்து, மூலைகளில் கிழிந்து, திட்டுத்திட்டாக மிஞ்சியிருந்தால் எனக்கு மகிழ்ச்சி. (அதில் குடிக்கிற தேயிலையைப் போட்டு வைக்காதீர்கள்.) அறைகளையே பிடுங்கிவிட்டு வெல்வெட் ஒட்டி நகைப்பெட்டியாக்கியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. பக்கச் சுவரில் தடுப்புப் பலகை செருகியிருந்த தடம் தெரிகிறதா என்று தடவிப் பாருங்கள். கண்ணாடிக் கிண்ணம் பல பெட்டிகளில் பின்னால் வந்து சேர்ந்ததுதான். அதற்காகப் பெட்டியை ஒதுக்க வேண்டாம்.

அடுத்தது கீலும் அதைப் பிடித்திருக்கும் திருகாணிகளும். கூர் நுனித் திருகாணி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பரவலானது. அதற்கு முந்தையவை நுனி மழுங்கியவை. தலையிலுள்ள கீறலும் நடுவை விட்டுச் சற்று விலகியிருக்கும்.

ஆப்பிள், பேரிக்காய் வடிவப் பெட்டிகளுக்குத்தான் போட்டி அதிகம், போலிகளும் அதிகம். மரம் காலப்போக்கில் இழைக்குக் குறுக்கேதான் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. எனவே கடைசலில் வட்டமாகக் கடைந்த பெட்டி இருநூறு ஆண்டுகளில் லேசாக நீள்வட்டமாகிவிடும், மூடியும் கச்சிதமாகப் பொருந்தாது. இரண்டு பக்கமாக அளந்து பாருங்கள். துல்லியமான வட்டமாக இருந்தால் நான் கையைத் தூக்கவே மாட்டேன்.

நேரில் போக முடியாவிட்டால் உட்புறம், அடிப்பகுதி, கீல் மூன்றுக்கும் படம் கேட்டு வாங்குங்கள். ஏலம் முடிந்த விலையோடு ஏல நிறுவனத்தின் கட்டணமும் வரியும் சேரும். அதைக் கணக்கிட்டு உச்சவரம்பை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாவித் துவாரத்தைச் சுற்றித் தந்தம் பதித்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. பிரிட்டனில் 2022 முதல் தந்த விற்பனைக்குத் தடை இருக்கிறது. 1947க்கு முந்தைய, பத்து சதவீதத்துக்கும் குறைவான தந்தம் உள்ள பொருள்களை விற்கலாம், ஆனால் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்று கேட்ட பிறகே ஏலம் கேளுங்கள்.