வேர்ட்பிரஸில் ஏற்றும் ஜேபெக் படங்களைத் தானாக வெப்-பி ஆக்க முடியுமா?

அல்சூரில் பட்டுச்சேலைக் கடை நடத்துகிறீர்கள், வேர்ட்பிரஸில் கட்டிய தளம் படங்களால் மெதுவாகிறது, அவற்றைக் கோப்பு அளவு குறைவான வெப்-பி வடிவத்துக்கு மாற்ற முடியுமா என்று எழுதியிருந்தீர்கள். முடியும். ஆனால் அமைப்புகள் பக்கத்தில் தேடினால் கிடைக்காது. 2021இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து 'இமேஜ் எடிட்டர் அவுட்புட் ஃபார்மட்' என்றொரு ஃபில்டர் (வேர்ட்பிரஸ் செய்வதை இடையில் மாற்ற உதவும் வசதி) உண்டு. ஜேபெக் வந்தால் வெப்-பியாகக் கொடு என்று அதில் நாலு வரி நிரல் எழுதினால் போதும். அதைத் தீமில் (தளத்தின் தோற்றக் கோப்புகளில்) போடாமல் சின்ன பிளகினாக (தனியாகச் சேர்க்கும் துணை நிரலாக) போடுங்கள், தீம் மாறினாலும் பிழைக்கும்.

வேர்ட்பிரஸ் உருவாக்கும் சிறிய அளவுகள்தான் மாறும். நீங்கள் ஏற்றிய மூலப்படம் ஜேபெக்காகவே சர்வரில் கிடக்கும். பழைய படங்களுக்குத் தம்ப்நெயில்களை, அதாவது இந்தச் சிறிய அளவுகளை, மறுபடி உருவாக்க வேண்டும். அதற்கு முன் சர்வர் வெப்-பியை ஏற்குமா என்று வேர்ட்பிரஸின் சைட் ஹெல்த் பக்கத்தில் பாருங்கள்.

அப்புறம், ஜரிகை மங்கலாகத் தெரிந்தால் தரத்தைக் கூட்டலாம். வெப்-பிக்கு இயல்பாக 100க்கு 86தான்.