.357 போதுமா, .44 வேண்டுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓஹையோவில் கொலம்பஸுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கியாயிற்று. வரும் துப்பாக்கிப் பருவத்தில் நண்பர் ஒருவரின் பண்ணையில் வெண்வால் மான் வேட்டைக்குக் கைத்துப்பாக்கியோடு போக விரும்புகிறேன். என்னிடம் 6 அங்குலக் குழல் கொண்ட .357 மேக்னம் ரிவால்வர் இருக்கிறது. அது மானுக்குப் பற்றாது, .44 மேக்னம் வாங்கு என்கிறார் ஒருவர். இன்னும் பெரிய .460 அல்லது .500-க்குக் கீழே யோசிக்காதே என்கிறார் இன்னொருவர். தன்னுடைய 10 மி.மீ. கிளாக் பிஸ்டலே போதும் என்கிறார் மூன்றாமவர். எதைக் கேட்பது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இந்தப் பருவத்துக்குக் கையில் இருக்கும் .357-ஐயே கொண்டுபோங்கள். ஆனால் 40 கெஜத்துக்கு மேல் சுடுவதில்லை என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த பருவத்துக்கு 7½ அங்குலக் குழலுள்ள .44 மேக்னம் ஒன்றை வசந்த காலத்திலேயே வாங்கி, கோடை முழுக்கப் பழகுங்கள். .460, .500 இரண்டும் உங்களுக்குத் தேவையில்லை.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். ஓஹையோவில் மான் வேட்டைக்கான கைத்துப்பாக்கியின் குழல் 5 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தோட்டாவின் கூடு கழுத்து குறுகாத நேர்ச்சுவர் கூடாக இருக்க வேண்டும், கேலிபர் (அங்குலக் கணக்கில் குண்டின் விட்டம்) .357 அல்லது அதற்கு மேல். 9 மி.மீ. குண்டின் விட்டம் .355 அங்குலம் என்பதால் அது தகுதி பெறாது. 10 மி.மீ. தோட்டா கேலிபர் விதிக்குள் வருகிறது. ஆனால் பரவலாக விற்கும் கிளாக் 20-இன் குழல் 4.6 அங்குலம்தான், அதைக் கொண்டு மானைச் சுட்டால் குற்றம். 6 அங்குலக் குழலுள்ள கிளாக் 40 என்றால் சரி. கிளாக்கே போதும் என்றவரிடம் இருப்பது எது என்று கேளுங்கள், அவருக்கும் நல்லது. விதிகள் மாறக்கூடியவை, அந்தந்த ஆண்டின் மாநிலக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பண்ணை நண்பருடையதே என்றாலும் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் என்றால் இன்னொன்றும் உண்டு. அமெரிக்க ஒன்றியச் சட்டப்படி அத்தகையோர் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது விதிவிலக்குகளில் ஒன்று. வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இனி கேலிபர். .357 மேக்னம் 1935-இல் வந்தது, .44 மேக்னம் 1955-இல். ஆலைத் தோட்டாக்களின் வழக்கமான அளவுகளையே ஒப்பிடலாம். 158 கிரெயின் (குண்டின் எடைக்கான அளவு) .357 குண்டு நொடிக்கு ஏறத்தாழ 1,235 அடி வேகத்தில் கிளம்புகிறது. குழல்வாயில் 535 அடி-பவுண்டு ஆற்றல், 50 கெஜத்தில் சுமார் 430, 100 கெஜத்தில் சுமார் 360. 240 கிரெயின் .44 குண்டு 1,180 அடி வேகத்தில் 740 அடி-பவுண்டோடு கிளம்பி, 50 கெஜத்தில் 620-ஐயும் 100 கெஜத்தில் 540-ஐயும் வைத்திருக்கிறது. .357-க்குக் குழல்வாயில் இருக்கும் ஆற்றல் .44-க்கு நூறு கெஜம் கடந்த பிறகும் மிஞ்சுகிறது. .357 பற்றாது என்று உங்களிடம் சொன்னவர் பேச்சில் உள்ள உண்மை இதுதான்.

ஆனாலும் ஆற்றல் கணக்கோடு நின்றுவிடாதீர்கள். ரைஃபிள் குண்டு தன் வேகத்தால் சுற்றியுள்ள சதையையும் கிழிக்கும். கைத்துப்பாக்கிக் குண்டுக்கு அந்த வேகம் கிடையாது. அது கொல்வது தான் போடும் துளையால்: இரண்டு நுரையீரலையும் துளைத்து மறுபக்கம் வெளியேறினால் மான் சீக்கிரம் விழும். ஆகவே துளை எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்பதே கேள்வி. அகலத்தில் .429 அங்குல விட்டமுள்ள .44 முந்துகிறது. ஆழத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நீங்கள் வாங்கும் குண்டின் எடையும் அமைப்பும்.

.357-ஐப் பழிப்பவர்களில் பலர் தவறான குண்டைப் போட்டுவிட்டுக் கேலிபரைக் குறை சொல்கிறார்கள் என்றே நினைக்கிறேன். தற்காப்புக்கென்று விற்கும் 125 கிரெயின் குழிமுனைக் குண்டு உடம்புக்குள் போனதும் சட்டென்று விரிந்துவிடும். விலா எலும்பிலோ தோள் எலும்பிலோ பட்டால் முதல் நுரையீரலோடு நின்றுவிடும், மான் காயத்தோடு ஓடிவிடும். உங்களுக்கு வேண்டியது 158 முதல் 180 கிரெயின் வரையிலான, கனமான உறையிட்ட மென்முனைக் குண்டு, அல்லது கெட்டியாக வார்த்த தட்டைமுனை ஈயக் குண்டு. .44-இல் 240 கிரெயின் மென்முனையோ, ஹார்னடி எக்ஸ்டிபி போல அளவாக விரியும் குண்டோ போதும். 300 கிரெயின் வரை கிடைக்கிறது. வெண்வால் மானுக்கு அவ்வளவு வேண்டாம். உதைப்புதான் கூடும்.

இந்த உதைப்புதான் .460, .500-ஐ நான் மறுப்பதற்குக் காரணம். .44-ஏ புதியவரை மிரட்டும். சத்தத்துக்கும் உதைப்புக்கும் அஞ்சி, விசையை இழுக்கும் அதே கணத்தில் மணிக்கட்டு கீழே அழுந்தும். குழல் தாழ்ந்து குண்டு மானின் காலிலோ வயிற்றிலோ படும். சுடுபவருக்கு இது தெரியவே தெரியாது, உதைப்பு மறைத்துவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சுடுகளத்தில் இன்னொருவரிடம் ரிவால்வரைக் கொடுத்து, ஆறு அறைகளில் இரண்டு மூன்றில் மட்டும் சுட்ட காலிக் கூடுகளைக் கலந்து போட்டு, எது எங்கே என்று சொல்லாமல் தரச் சொல்லுங்கள். காலிக் கூட்டின் மேல் சுத்தியல் விழும்போது குழல்முனை துள்ளினால் உங்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. அது தீரும்வரை மேக்னம் தோட்டாக்களைத் தொடாதீர்கள். .44 மேக்னம் ரிவால்வரில் .44 ஸ்பெஷல் தோட்டாவைச் சுடலாம், .357-இல் .38 ஸ்பெஷலைச் சுடலாம். இரண்டும் மென்மையானவை. பயிற்சியில் பெரும்பகுதி அவற்றில் நடக்கட்டும். மேக்னத்தை ஒவ்வொரு முறையும் கடைசியில் ஆறோ பன்னிரண்டோ மட்டும் சுடுங்கள். துப்பாக்கியும் எடை கூடியதாக இருக்கட்டும். ரூகர் சூப்பர் ரெட்ஹாக் சுமார் ஒன்றரைக் கிலோ. தூக்கி நடக்கும்போது அலுப்பு, சுடும்போது அந்த எடையே உதைப்பை வாங்கிக்கொள்ளும்.

காதுக்கவசம் இல்லாமல் ஒரு தோட்டாவும் சுடாதீர்கள், வேட்டையிலும்தான். மெல்லிய ஒலியைக் கேட்கவிட்டு வெடிச்சத்தத்தை மட்டும் அடைக்கும் மின்னணுக் கவசங்கள் கிடைக்கின்றன. இன்னொரு எச்சரிக்கை: சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கிலிருந்து பக்கவாட்டில் பீறிடும் சூடான வாயு விரலைக் கிழித்துவிடும். தாங்கும் கை சிலிண்டருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். குச்சியிலோ மரக்கிளையிலோ சாயும்போது குழலைச் சாய்க்காமல் கையைச் சாய்த்துக்கொள்ளுங்கள். கெட்டியான பொருளின் மேல் குழலை வைத்துச் சுட்டால் அது எம்பி, குண்டு மேலே போகும்.

தொலைநோக்கி பொருத்துவதானால் கைத்துப்பாக்கிக்கென்றே செய்த, இரண்டு மடங்கு பெரிதாக்கும் ஒன்று போதும். நீட்டிய கையின் தூரத்தில் பார்க்கும்படி செய்திருப்பார்கள். ரைஃபிளுக்கானதை மாட்டினால் படமே தெரியாது. தெரியவேண்டும் என்று கண்ணருகே கொண்டுவந்தால் நெற்றி உடையும்.

உங்கள் தூர எல்லையை எப்படி அறிவது? மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி சுமார் 8 அங்குல வட்டம். அந்த அளவில் ஒரு காகிதத் தட்டை 25 கெஜத்தில் வையுங்கள். மேசையில் ஊன்றாமல், காட்டில் எப்படிச் சுடுவீர்களோ அப்படி, முழங்காலிட்டுக் குச்சியில் கையைச் சாய்த்து ஆறு தோட்டாக்கள் சுடுங்கள். ஆறும் தட்டில் பட்டால் பத்து கெஜம் தள்ளிப்போங்கள். ஒன்று விலகியதும், அதற்கு முந்தைய தூரமே உங்கள் எல்லை. 40-ஐ எட்டாவிட்டால் எட்டிய இடத்திலேயே நில்லுங்கள். .44-ஐ 50 கெஜத்துக்குக் குறிசரி செய்தால் 75-இல் குண்டு இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல் இறங்கும். நூறில் சுமார் ஆறு அங்குலம் இறங்கி, வட்டத்தின் நடுவைக் குறிவைத்தாலும் வெளியே போய்விடும். ஆகவே .44-ஓடு போகும்போது 75 கெஜத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

மான் பக்கவாட்டில் நிற்கும்போது, அல்லது சற்றே உங்களுக்கு அப்பால் திரும்பியிருக்கும்போது மட்டும் சுடுங்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறி. நேர் எதிரே பார்த்து நின்றாலோ, ஓடினாலோ, தலை மட்டும் தெரிந்தாலோ வேண்டாம்.

.357 குண்டு சிலசமயம் மறுபக்கம் வெளியேறாது. அப்போது தரையில் ரத்தம் குறைவாகவே சிந்தும். அதனால் சுட்டதும் மான் நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ணில் பட்ட இடத்தையும் மனத்தில் குறித்துக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் இருங்கள். பிறகு போய்ப் பாருங்கள். நுரை கலந்த வெளிர்சிவப்பு என்றால் நுரையீரல், மான் அருகிலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், இன்னும் சில மணி நேரம் பொறுங்கள். பச்சை கலந்து நாற்றமடித்தால் வயிறு. வந்த வழியே ஓசையின்றித் திரும்பி, குறைந்தது ஆறு மணி நேரம் கழித்துத் தேடுங்கள். உடனே துரத்தினால் படுத்திருக்கும் மான் எழுந்து வெகுதூரம் போய்விடும்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே மான் வேட்டை குற்றம். இந்தப் பதில் ஓஹையோவுக்கு மட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்