‘ப்ளடி’ திட்டா, பாராட்டா? ஆங்கில அழுத்தச் சொற்கள்: கேள்வி பதில்

கே: ஐயா, பர்மிங்காமில் நர்ஸாக இருக்கிறேன். கூட வேலை பார்ப்பவர் என்னை “ப்ளடி பிரில்லியண்ட்” என்றார். திட்டினாரா?

ப: பாராட்டினார் அம்மா. அடுத்து வரும் சொல்லுக்கு அது அழுத்தம் கூட்டுகிறது, நம் ‘செம’ மாதிரி. நாம் “ப்ளடி ஃபூல்” என்று வசவாகவே கேட்டு வளர்ந்ததால் திக்கென்று இருக்கும். ஆனால் நோயாளியிடம் நீங்கள் சொல்லாதீர்கள். காதில் வாங்குங்கள், வாயில் எடுக்காதீர்கள்.

கே: காஷ், ஹெக், டார்ன் என்கிறார்களே, அவை எங்கிருந்து வந்தவை?

ப: முறையே காட் (கடவுள்), ஹெல் (நரகம்), டேம் (சாபச் சொல்) என்று சொல்லத் தொடங்கிப் பாதியில் திருப்பிவிட்டவை. கடவுள் பெயரை வீணாக எடுக்காதே என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. 1606-இல் இங்கிலாந்தில், நாடக மேடையில் அந்தப் பெயரை விளையாட்டாகச் சொன்னால் 10 பவுண்டு அபராதம் என்று சட்டமே போட்டார்கள்.

கே: ‘ப்ளடி’ என்பது ‘பை அவர் லேடி’, அதாவது மேரி மாதா மேல் ஆணை, என்பதன் சுருக்கம்தானே?

ப: இல்லை. பலரும் நம்பும் கதை, ஆதாரம் கிடையாது. ஆணையிடும் சொல் வாக்கியத்தில் தனியாக நிற்கும். ‘ப்ளடி’யோ பழைய எழுத்துகளிலேயே பண்புச்சொல்லுக்கு முன்னால் ஒட்டி வருகிறது. ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் 1711-இல் கடிதத்தில் வெயிலை “ப்ளடி ஹாட்” என்று எழுதினார். அவர் பாதிரியார்! மாதா மேல் ஆணையிடுவதாக நினைத்திருந்தால் அப்படிச் சாதாரணமாக எழுதியிருப்பாரா?

கே: அப்படியானால் 1914-இல் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தில் அந்தச் சொல் வந்ததும் லண்டன் ஏன் அதிர்ந்தது? மத நிந்தனை என்றுதானே?

ப: நல்ல கேள்வி. ஸ்விஃப்ட்டுக்குப் பின் அந்தச் சொல் தெருவுக்கு இறங்கிவிட்டது. மேல்தட்டு வீட்டு வரவேற்பறையில், பூ விற்ற பெண் எலைசா அதை வாய்விட்டுச் சொன்னதுதான் அதிர்ச்சி. மதத்தைவிட வர்க்கமே அங்கே காரணம் என்பேன்.

கே: எங்கள் ஆசிரியர் ‘பை அவர் லேடி’ என்றுதான் சொன்னார்.

ப: மேலே பதில் இருக்கிறது. ஸ்விஃப்ட்டை இன்னொரு முறை படியுங்கள்.

கே: ஆபீஸ் மெயிலில் ‘டேம் குட்’ எழுதலாமா?

ப: கூடாது.

கே: ‘ஃப்ளிப்பிங்’?

ப: மென்மையானதுதான். ஆனால் எந்தச் சொல்லை மறைக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியும். வாயில் எடுக்காதீர்கள்.

கே: தமிழ்க் கெட்ட வார்த்தைகளின் வேர்?

ப: என் துறை இல்லை. தமிழ்ச் சொல்லாராய்ச்சி செய்பவரைக் கேளுங்கள்.

கே: ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போகிறேன். அங்கேயும் இதே எச்சரிக்கையா?

ப: அங்கே இன்னும் தாராளம். 2006-இல் அவர்களுடைய அரசுச் சுற்றுலா விளம்பரத்திலேயே “ப்ளடி ஹெல்” இருந்தது; பிரிட்டன் தொலைக்காட்சியில் முதலில் அதைத் தடுத்தார்கள். ஆனாலும் தம்பி, முதல் ஆறு மாதம் கேட்க மட்டும் செய்யுங்கள்.